மெலனியின் பேரில் இருந்த காசு

சட்டம் மாறினால் அதை முதலில் வாசித்துவிட்டு நாலு பேருக்கு விளக்கம் சொல்வதில் எனக்கு ஒரு கெட்ட ஆசை உண்டு. முப்பத்தெட்டு வருடம் பேர்லினில் கோப்பை கழுவி, சமைத்து, சொந்தமாக ஒரு கடை போட்டு, அதையும் மூடியவன் நான். வேறு எதில் பெருமை தேடுவது? தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் தேத்தண்ணீர் குடிக்கும்போது, "அருளண்ணை, புதுச் சட்டம் என்னவாம்?" என்று யாராவது கேட்டால் போதும், எனக்கு அன்றைய ஞாயிற்றுக்கிழமை நிறைந்துவிடும்.

2022இல் பாஃபொக் சட்டத்தை மாற்றினார்கள். பாஃபொக் என்பது படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த நாட்டு அரசு மாதாமாதம் கொடுக்கும் பணம். பாதி இனாம், பாதி வட்டியில்லாத கடன். எவ்வளவு வாங்கினாலும் பத்தாயிரத்துப் பத்து யூரோவுக்கு மேல் திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் பிள்ளையின் பேரில் ஒரு வரம்புக்கு மேல் சேமிப்பு இருக்கக்கூடாது. அந்த வரம்பு எண்ணாயிரத்து இருநூறாக இருந்தது. அதைப் பதினையாயிரமாகக் கூட்டிவிட்டார்கள். இதையும் நான்தான் சனத்துக்குச் சொன்னேன். "இனிப் பயமில்லை, பிள்ளையளின்ர பேரில கொஞ்சம் காசு கிடந்தாலும் ஒண்டும் செய்யமாட்டினம்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். என் மனைவி லூர்தம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, மெலனி. சின்ன வகுப்பு ரீச்சர் ஆவதற்காக லைப்சிக்கில் படிக்கிறாள். சிறுவயதில் பொம்மைகளை வரிசையாக இருத்தி அவற்றுக்கு ஜெர்மன் இலக்கணம் சொல்லிக்கொடுத்து, பதில் சொல்லாத பொம்மையை மூலையில் நிறுத்துவாள். அவளுக்கு வேறு தொழில் எதுவும் மனதில் வந்ததே இல்லை.

போன வருடம், 2025 மே மாதம், ஒரு சனிக்கிழமை அவள் நொய்கெல்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் நுழைந்து ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள். பாஃபொக் அலுவலகத்திலிருந்து வந்தது. பாஃபொக் எடுக்கிற பிள்ளைகளின் பெயர்களை வரி அலுவலகத்தில் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அப்படிப் பார்த்தபோது 2023ஆம் வருடம் மெலனியின் பேரில் உள்ள ஒரு சேமிப்புக் கணக்குக்கு அறுபத்தொரு யூரோ வட்டி வந்திருப்பது தெரிந்ததாம். அந்தக் கணக்கை நீங்கள் விண்ணப்பத்தில் காட்டவில்லை, விண்ணப்பித்த நாளில் அதில் எவ்வளவு இருந்தது என்று காட்டவும், என்று எழுதியிருந்தார்கள்.

"இது அம்மாவின்ர சீட்டுக் காசு தானே," என்று மெலனி சிரித்தாள். "நான் விளங்கப்படுத்தி எழுதிவிடுறன்."

நான் சிரிக்கவில்லை. லூர்தம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

லூர்தம்மா இருபது வருடமாகச் சீட்டுப் பிடிக்கிறாள். இருபத்துநான்கு பங்கு, பங்குக்கு மாதம் ஆயிரம் யூரோ. முழுப் பங்கு எடுக்க வசதியில்லாதவர்கள் அரை, கால் என்று சேர்வார்கள். ஆக மொத்தம் முப்பத்தொரு பேர். ஒவ்வொரு மாதமும் மூன்றாம் திகதிக்குள் காசு சேர்ந்துவிடும். ஆனால் தமிழ்ப் பூசை மாதத்தில் இரண்டாம் ஞாயிறுதான். பூசைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கூடித்தான் இருபத்துநாலாயிரத்தையும் அந்த மாதத்துக்குரியவரிடம் கொடுப்பது வழக்கம். மற்ற இடங்களைப் போல ஏலம் கூறி, கழிவு கேட்டு எடுப்பதெல்லாம் லூர்தம்மாவின் சீட்டில் இல்லை. சீட்டுப் பிடிப்பவளுக்கு முதல் மாதம். பிறகு யாருக்கு அவசரமோ அவர்களுக்கு. யாருக்கு எது அவசரம் என்று அவளுடைய கொப்பியில் எழுதியிருக்கும். அந்தக் கொப்பியை எனக்கே காட்டமாட்டாள்.

அந்தக் காசு மெலனியின் கணக்குக்குப் போன கதை என்னால் வந்தது. ஹெர்மன்பிளாட்ஸுக்குப் பக்கத்தில் நான் நடத்திய கடை 2017இல் மூடப்பட்டபோது வரிப் பாக்கி நின்றது. ஒரு நாள் காலை எங்கள் இருவர் பேரிலும் இருந்த வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். லூர்தம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்து உழைத்த சம்பளமும் அதற்குள் மாட்டிக்கொண்டது. அன்று முதல் என் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சதமும் வைக்கமாட்டேன் என்று நின்றாள். தன் பேரில் மட்டும் ஒரு கணக்குத் திறக்கவும் பயந்தாள். கொரோனா வந்து சனம் வீட்டுக்கு வந்து காசு கொடுக்க முடியாமல் போனபோது, வங்கியில் போடுகிறோம், கணக்கு நம்பர் தாருங்கள் என்று கேட்டார்கள். மெலனிக்கு அப்போதுதான் பதினெட்டு வயது. தொலைபேசியில் பத்து நிமிடத்தில் தன் பேரில் ஒரு கணக்கைத் திறந்து, அதை அம்மாவின் தொலைபேசியில் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோனாள். 2023இல் வங்கி வட்டி போடத் தொடங்கியதும் லூர்தம்மா பயந்துபோனாள். அடுத்தவன் காசுக்கு வந்த வட்டி நமக்கு வேண்டாம் என்று, கேவலார் மாதாவின் திருவிழாவுக்குப் போனபோது உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். அந்த அறுபத்தொரு யூரோதான் எங்களைக் காட்டிக்கொடுத்தது.

மெலனி 2023, 2024 இரண்டு வருடமும் பாஃபொக்குக்கு விண்ணப்பித்தது செப்டெம்பர் ஐந்தாம் திகதி. காசு சேர்ந்துவிட்டது, பூசை இன்னும் வரவில்லை. இரண்டு முறையும் அன்றைக்கு அந்தக் கணக்கில் இருபத்துநாலாயிரம் இருந்தது.

"அஞ்சு நாள் பொறுத்து அனுப்பியிருந்தால் சரியாப் போயிருக்கும் என்ன?" என்றாள் மெலனி. அவள் இப்போது சிரிக்கவில்லை.

விளக்கம் எழுதினாள். ஒரு மாதத்தில் பதில் வந்தது. கணக்கு யார் பேரில் இருக்கிறதோ பணமும் அவருடையது. வேறு ஒருவருடைய பணம் என்றால் அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் இரண்டு வருடத்திலும் வாங்கியதில், தகுதியில்லாமல் பெற்றதாக, பத்தொன்பதாயிரத்து அறுநூற்று நான்கு யூரோவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பொய்த் தகவல் கொடுத்ததாக அரச வழக்குத் தொடுநருக்கும் அறிவிக்கப்படும்.

கடைசி வரியை மெலனி இரண்டு தரம் வாசித்தாள். இந்த நாட்டில் ரீச்சர் ஆக வேண்டுமானால் பொலிஸ் சான்றிதழில் கறை இருக்கக்கூடாது. மோசடி வழக்கு ஒன்று பதிந்தால் எந்தப் பள்ளிக்கூடம் அவளை எடுக்கும் என்று கேட்டாள். பதில் தெரியாத இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். முப்பது வயதுக்கு மேற்பட்ட மாணவருக்கு வரம்பு நாற்பத்தைந்தாயிரம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. மெலனி பத்து வருடம் முந்திப் பிறந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. இதை நான் வீட்டுக்குள் நடந்து நடந்து உரத்துச் சொன்னேன். கேட்க யாரும் இல்லை. லூர்தம்மா வேலைக்குப் போய்விட்டாள், மெலனி லைப்சிக்குக்குத் திரும்பிவிட்டாள்.

மாணவர் சங்கத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒருவர் மெலனிக்கு ஒரு வழி காட்டினார். சீட்டுக் கட்டுகிற ஒவ்வொருவரும், "இந்தத் திகதியில் இந்தக் கணக்கில் இருந்த இவ்வளவு யூரோ என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், அலுவலகம் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. மெலனி ஜெர்மனில் அழகாக ஒரு படிவம் அடித்து அனுப்பினாள். முப்பத்தொரு பிரதி எடுத்துக்கொண்டு நான் புறப்பட்டேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நம்பிக்கையோடு படியேறியதில்லை.

முதலில் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் கஜந்தி. வாசலில் நின்றபடியே கையெழுத்து வைத்துத் தந்தாள். தபால் வண்டி ஓட்டும் றெக்ஸும் அப்படியே. நாலு நாளில் ஏழு கையெழுத்துச் சேர்ந்தது. எல்லாம் நிரந்தர வேலையில் இருப்பவர்கள், வங்கி வழியாகக் காசு போடுபவர்கள்.

எட்டாவது ஆள் தங்கராசா அண்ணை. எழுபத்தொரு வயது. பென்சன் போதாது என்று மிச்சத்தைச் சமூக உதவி அலுவலகம் கொடுக்கிறது. அது போக, சனத்தின் பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்கு ரோல்ஸ் பலகாரம் சுற்றிக் கொடுத்து ஒரு கால் பங்குச் சீட்டுக் கட்டுகிறார். காசை லூர்தம்மாவின் கையில்தான் கொடுப்பார். அவள் அதை வங்கி மெஷினில் போடுவாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் படிவத்தை மெதுவாக வாசித்தார். பிறகு மடித்தார்.

"அருள், நான் இதில கையெழுத்து வைச்சால், மாசம் மாசம் இருநூற்றைம்பது எங்கையிருந்து வந்ததெண்டு கேப்பினம் என்ன?"

"கேக்கலாம் அண்ணை."

"அப்ப ரோல்ஸ் கதையைச் சொல்லவேணும். சொன்னால் தந்த காசெல்லாம் திருப்பிக் கேப்பினம்."

"ஓம் அண்ணை."

"மெலனி என்ர கையில வளர்ந்த பிள்ளை," என்றார். மடித்த படிவத்தை என் கையில் வைத்தார். "எனக்கு ஏலாது அருள். என்னைக் கோவிக்காதை."

கோவிக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். வரும்போது ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் தந்தார், பிள்ளைக்குக் கொடு என்று. அதை மடியில் வைத்துக்கொண்டு சுரங்க ரயிலில் வந்தேன். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, நன்றி என்று சொல்லவும் முடியவில்லை. கோபத்தில் இரண்டைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

வத்சலா வீட்டிலும் அதே கதை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஒரு பேக்கரியில் அரைநாள் வேலை, மிச்சத்துக்கு யொப்சென்டர் என்ற அரச அலுவலகத்தின் உதவி. சீட்டுக் கட்டுவது அவர்களுக்குத் தெரியாது. வரும் செப்டெம்பரில் சீட்டு அவளுடைய முறை. அவளோடு சேர்ந்து ஒரே பங்கை எடுக்கும் மற்ற மூன்று பேருக்கும் அதே முறைதான். படிவத்தைக் கையில் வாங்கவே பயந்தாள். "அண்ணை, என்ர பேரை எங்கையும் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள். நான் அவளிடம் எதையோ திருட வந்தவனைப் போல அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்குப் பிறகு நான் மற்றவர்களிடம் போகவில்லை.

ஏழு கடிதங்களையும் மெலனி அனுப்பினாள். போதாது என்றார்கள். ஏழு பேர் உங்கள் கணக்கில் பணம் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் இதில் தெரிகிறது. ஏன் போட்டார்கள், கையில் கட்டிய மிச்சப் பணம் யாருடையது, யாருக்கு எப்போது கொடுக்கப்பட்டது என்று முழுக் கணக்கும் வேண்டும். ஜூலை பதினைந்தாம் திகதி டெர்மின், அதாவது அலுவலகத்தில் சந்திக்கும் நாள். நேரில் வரும்போது முழு ஆதாரத்தையும் கொண்டு வரவும்.

முழு ஆதாரம் ஒன்றுதான் இருந்தது. டெர்மினுக்கு முதல் நாள் பின்னேரம் லூர்தம்மா அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்து வந்து மேசையில், லைப்சிக்கிலிருந்து வந்திருந்த மெலனியின் முன்னால் வைத்தாள்.

"கொண்டுபோய்க் குடு பிள்ளை."

"அம்மா, இதில எல்லாரின்ர பேரும் இருக்கு."

"எனக்குத் தெரியும். நான்தானே எழுதினனான்."

"அவையளுக்குப் பிரச்சினை வந்தால்?"

"வந்தால் என்னை ஏசட்டும். என்ர மூஞ்சியில காறித் துப்பட்டும். எனக்கு நீதான் வேணும்," என்று சொல்லிவிட்டு லூர்தம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது வருடமாக அவள் யாருடைய விடயத்தையும் யாரிடமும் சொன்னதில்லை. கோவிலிலும் கடையிலும் அவளுக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்தக் கொப்பிக்குள்தான் இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? என் பிள்ளை தப்பிவிடுவாள் என்று இருந்தது. தங்கராசா அண்ணையின் ரோல்ஸ் ஒரு கணம் ஞாபகத்துக்கு வந்தது. அதை நான் விரட்டிவிட்டேன்.

அடுத்த நாள் நானும் அவளும் லைப்சிக்குக்குப் போனோம். மலிவு டிக்கெட்டில் ஊர் ஊராக நின்று போகிற ரயில். மெலனி கொப்பியைத் திறந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் அவளுக்கு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு பக்கத்தை முடிக்க விட்டன்பேர்க் வந்துவிட்டது.

"த-ங்-க-ரா-சா. கால். பல்லுக் கட்ட," என்று வாசித்தாள். "பல்லை என்னண்டு அப்பா கட்டுறது?"

"பொய்ப்பல்லு வைக்கிறது."

"வத்சலா. கால். அம்மாவின்... கண் ஒப்பரேசன், மன்னார்." அடுத்த வரி. "ஜசிந்தா. அரை. புருசன் அறியக் கூடாது." அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் சத்தமாக வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிட்டர்ஃபெல்ட் தாண்டியதும் கொப்பியை மூடி, பைக்குள் அடியில் வைத்து, மேலே தன் மேற்சட்டையைப் போட்டாள்.

"எல்லாரும் எங்கட வீட்டுக்கு வரேக்க எனக்கு ஏதாவது கொண்டு வருவினம் அப்பா. சொக்லேட், பேனை, ஏதாவது ஒண்டு," என்றாள்.

"அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்டுமில்லை."

அலுவலகத்தில் எங்கள் விடயத்தைப் பார்ப்பவர் ஃபிராவ் வென்ட் என்று ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். நான் சண்டை போடுவதற்கு ஆயத்தமாகப் போயிருந்தேன். அவரோ எழுந்து வந்து கைகொடுத்து, எங்களுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"உங்கள் விளக்கத்தை நான் நம்புகிறேன்," என்றார் மெலனியிடம். "ஆனால் என் நம்பிக்கையை நான் கோப்பில் வைக்க முடியாது. பெயர்களோடு ஒரு பட்டியல் இருக்கிறதா?"

"இருக்கிறது. அதை உங்களிடம் தந்தால் உங்களோடு நிற்குமா?"

ஃபிராவ் வென்ட் பேனையைக் கீழே வைத்தார். "கோப்பில் இருக்கும். வேறு ஓர் அலுவலகம் கேட்டால் நான் கொடுக்க வேண்டி வரலாம். கேட்காது என்று என்னால் வாக்குறுதி தர முடியாது."

"உங்களிடம் இருந்து அவர்களுக்குப் போகாது என்று எழுதித் தர முடியுமா?"

"முடியாது."

மெலனியின் கை பைக்கு மேல் இருந்தது. அப்படியே இருந்தது.

"அப்படியானால் என்னிடம் ஆதாரம் இல்லை," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். முப்பத்தொரு பெயரும் எனக்கு மனப்பாடம். தங்கராசா என்று தொடங்கி ஒரு மூச்சில் சொல்லி முடித்திருப்பேன். ஃபிராவ் வென்ட் பேனையை எடுத்து என்னைப் பார்த்தார். மெலனி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா, கதைக்காதேங்கோ."

"பிள்ளை, உன்ர படிப்பு."

"ஓம். என்ர படிப்புத் தானே. கதைக்காதேங்கோ."

நான் வாயை மூடிக்கொண்டேன். இதை ஒருவரும் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். அவள் ஒரு நிமிடம் வெளியே போயிருந்தால் நான் சொல்லியிருப்பேன். எல்லாரையும் சொல்லியிருப்பேன். அவள் போகவில்லை. ஃபிராவ் வென்ட் எதையோ அச்சடித்து மெலனியிடம் கொடுத்தார். தீர்மானம் தபாலில் வரும், அதற்குப் பிறகு கட்டுவதற்கு ஒரு மாதம். தவணையாகக் கட்டவும் கேட்கலாம். ஆனால் முழுவதையும் ஒரேயடியாகக் கட்டிவிட்டால் வழக்கைக் கைவிடுவதற்கு அதிக வாய்ப்பு உண்டு, அதையும் தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, என்றார். கதவு வரை கூட வந்தார்.

திரும்பி வரும்போது எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. அதற்குள் ஒரு பெருமையும் இருந்தது, அதுதான் கோபத்தைக் கூட்டியது.

ஓகஸ்டில் தீர்மானம் வந்தது. பத்தொன்பதாயிரத்து அறுநூற்று நான்கு. நான் மூன்று வங்கிகளுக்குப் போனேன். மூன்றிலும் கணினியில் என் பெயரை அடித்ததும் முகம் மாறியது. மூடிய கடை இன்னும் அதற்குள் கிடக்கிறது. மாணவருக்குக் கடன் கொடுக்கும் அரச வங்கியிலும் கேட்டோம். அங்கே மாதத்துக்கு அறுநூற்றைம்பதுக்கு மேல் இல்லை, மொத்தமாகத் தரவே மாட்டார்கள், ஆறு வீதத்துக்கு மேல் வட்டி. லூர்தம்மாவின் சீட்டும் இல்லை. இந்த முறைச் சீட்டு தொடங்கிய ஜனவரியிலேயே முதல் மாதக் காசை எடுத்து என் வரிப் பாக்கியை முடித்திருந்தோம். அதற்கு இன்னும் மாதம் ஆயிரம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நேரத்தில்தான் வத்சலா தொலைபேசி எடுத்தாள். லூர்தம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சனத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மெலனி கொப்பியைக் கொடுக்காமல் திரும்பி வந்ததும் தெரிந்திருந்தது. "அக்கா, செப்டெம்பர்ச் சீட்டை மெலனி எடுக்கட்டும். நாங்கள் ஒரு மாசம் பிந்தி எடுக்கிறம். மற்ற எல்லாரோடயும் கதைச்சிட்டன்," என்றாள். மெலனிக்கு இருபத்தைந்தாவது பங்கு. அவளுக்காக எல்லாரும் ஒரு மாதம் கூடக் கட்டுவார்கள். அவள் மாதம் ஆயிரமாக இரண்டு வருடத்தில் கட்டி முடித்தால் சரி. லூர்தம்மா தொலைபேசியை வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். மெலனிக்குச் சொன்னபோது அவள் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு, "சரி அம்மா, எடுக்கிறன்," என்றாள்.

செப்டெம்பர் இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருக்கக் கதிரை போதவில்லை. இந்த முறை யாரும் வங்கியில் போடவில்லை. கடித உறைகளில் கொண்டு வந்தார்கள். ஜசிந்தா தன் உறையை லூர்தம்மாவிடம் கொடுக்காமல் நேராக மெலனியின் கையில் வைத்து, அவளுடைய கன்னத்தைத் தடவினாள். தங்கராசா அண்ணை புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கடனை எப்படி ஒரேயடியாக அடிப்பது, வழக்குத் தொடுநருக்கு என்ன எழுதுவது என்று ஆளாளுக்குச் சட்டம் பேசினார்கள். அதில் பாதி நான் எப்போதோ சொல்லிக்கொடுத்தது.

நான் தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனேன். மெலனி பின்னால் வந்தாள். கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"அப்பா, நான் ஒரு வேலைக்குக் கையெழுத்து வைச்சிட்டன். பார்சல் பிரிக்கிற இடத்தில. முழுநேரம். முதலாந் திகதி தொடங்குறன்."

"படிப்பு?"

"மாசம் ஆயிரம் கட்டவேணும், அறைக்கு நானூறு. நான் வேற என்னண்டு கட்டுறது? முழுநேரம் வேலை செய்தால் பாஃபொக் இல்லை. படிச்சால் சீட்டுக் கட்டேலாது. யூனியில இருந்து பேரை வெட்டிப்போட்டன்."

"அப்ப இந்தக் காசை வேண்டாமெண்டு சொல்லு."

"வேண்டாமெண்டால் கேஸ் நிக்கும் அப்பா. கேஸ் நிண்டால் ரீச்சர் ஆகேலாது."

"எடுத்தால்?"

"எடுத்தால் படிக்கேலாது." அவள் சீனிப் போத்தலை எடுத்துத் தட்டில் வைத்தாள். "இரண்டு வருசம் தானே. பிறகு பாப்பம்."

இருபத்தைந்து வயதில் திரும்பிப் போய்ப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். போகாத பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். என் கடையில் பாத்திரம் கழுவிய மூன்று பேர், இரண்டு வருசம் தானே என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். சட்டத்தில் ஒரு வழியும் எனக்குத் தோன்றவில்லை.

"அம்மாட்டை சொல்லிட்டியா?"

"நாளைக்குச் சொல்லுறன். இண்டைக்கு அவ சந்தோசமா இருக்கிறா."

தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போனாள். எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தாள். எண்ணி முடித்த இருபத்துநாலாயிரத்தையும் லூர்தம்மா ஒரு பெரிய உறைக்குள் போட்டு மகளிடம் கொடுத்தபோது சனம் கைதட்டியது. றெக்ஸ் படம் எடுத்தான். மெலனி ஒவ்வொருவரிடமும் போய் நன்றி சொன்னாள். அவளுடைய ஜெர்மன் கலந்த தமிழில், ஆனால் ஒருவரையும் விடாமல் சொன்னாள்.

கடைசியாகத் தங்கராசா அண்ணை புறப்பட்டார். வாசலில் நின்று சப்பாத்து நூலைக் கட்ட அவருக்குக் குனிய முடியவில்லை. மெலனி முழந்தாளிட்டு அதைக் கட்டிவிட்டாள். அவர் அவளுடைய தலையில் கை வைத்தார்.

"அண்டைக்கு உனக்கு ஒரு கையெழுத்து வைக்க எனக்கு ஏலாமப் போச்சு பிள்ளை. கன நாள் நித்திரை இல்லை. இப்பதான் நிம்மதி," என்றார். "இனி ஒரு யோசனையும் இல்லாமப் படி."

மெலனி நிமிர்ந்து பார்க்கவில்லை. மற்றச் சப்பாத்தின் நூலை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓம் பெரியப்பா," என்றாள்.